பச்சோந்திக் கூண்டின் லட்சணம்

பச்சோந்தி வளர்ப்பதை ஒரு வித்தையாகவே பயின்றவர்கள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் கணிசமாக உண்டு. அத்தகைய ஒருவரின் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர், கூண்டுக்குள் இருக்கும் பிராணியின் வர்ணத்தையும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சுழலும் அதன் இரண்டு கண்களையும் கண்டு பிரமித்து நின்றுவிடுவார். அந்த வித்தையில் ஊறிய ரசிகரோ, பிராணியைப் பார்ப்பதற்கு முன்பே, அது எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் கவனிப்பார். கிளையைப் பற்றியிருந்தால் அவர் திருப்தியோடு மற்ற விஷயங்களைப் பார்க்கத் தொடங்குவார். வலையைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கூண்டு எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும், அதில் எங்கேயோ ஒரு குறை ஒளிந்திருக்கிறது என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வார்.

அந்த நோக்கில்தான் பெரிய பச்சோந்திக்கு உரிய வலைக் கூண்டின் அருமையை உணர முடியும் என்பது என் அபிப்பிராயம். உறுதியான கூண்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வலையை விரலால் அழுத்திப் பார்த்து, அது எவ்வளவு முரடாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிங்கத்துக்கும் குரங்குக்கும் அந்த நியாயம் பொருந்தும். கூண்டை முறித்துக்கொண்டு போவதற்கு வேண்டிய பலம் பச்சோந்தியிடம் கிடையாது. அதன் கூண்டில் உறுதி இருக்க வேண்டிய இடம் சட்டமும் மூலைகளும் கீல்களுமே. வலையோ, காற்றையும் ஒளியையும் மறிக்காமல், பிராணியின் நகத்துக்குத் தீங்கு செய்யாமல், கூடுமானவரை அதனால் தொடப்படாமலே இருந்துவிட்டுப் போக வேண்டிய ஓர் எல்லைக்கோடு.

பெரிய பச்சோந்தி என்று நான் சொல்லும்போது என் மனத்தில் இருப்பது, மடகாஸ்கர் தீவின் கிழக்குப் பகுதியிலும் வடபகுதியிலும் உள்ள ஈரமான காடுகளில் வசிக்கும் பார்ஸன் பச்சோந்தி. ஜேம்ஸ் பார்ஸன்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1768-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் இப்படிப்பட்ட ஒரு பிராணியை வர்ணித்து எழுதினார். அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு விஞ்ஞானி கூவியே அதற்கு முறைப்படி பெயரிட்டபோது அந்த வைத்தியரின் பெயரையே சூட்டிவிட்டார். வளர்ந்த ஆண், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 60 செ.மீ.க்கு மேலும் இருக்கும். எடை அரைக் கிலோவைத் தாண்டும். நீளத்தை மாத்திரம் கணக்கிட்டால் அதே தீவில் வாழும் ஊஸ்தலே பச்சோந்தி இதற்குச் சளைத்ததல்ல என்றாலும், உடலின் கனத்திலும் நடையின் கம்பீரத்திலும் பார்ஸனுக்கு நிகர் சொல்வது கஷ்டம். தலையின் மேல் தலைக்கவசம் போல எழும் எலும்பு முகடும், மூக்கின் மேல் முன்னோக்கி நீண்ட இரண்டு சிறு புடைப்புகளும், நீலப் பச்சையில் தோய்ந்த உடலும் கொண்டு, ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குப் போகலாமா என்று வெகுநேரம் யோசித்து, யோசித்ததற்குப் பிறகும் ஒரு காலைத் தூக்கியபடியே சற்று நின்று, பின்பு மெல்ல எட்டிப் பிடிக்கும் அந்தப் பிராணியின் நிதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு தனி அனுபவம். அதன் முட்டைகள் பொரிவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் பிடிக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த நிதானம் ஆச்சரியமாகத் தோன்றாது.

கூண்டைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிராணியின் பாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பச்சோந்தியின் ஐந்து விரல்கள் இரண்டு கற்றைகளாகப் பிரிந்து, குறடு போல எதிரெதிரே நிற்கின்றன: முன்காலில் உட்புறம் மூன்றும் வெளிப்புறம் இரண்டும், பின்காலில் உட்புறம் இரண்டும் வெளிப்புறம் மூன்றும். உருண்டையான கிளையைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதற்காகவே சிருஷ்டியில் அமைந்த பாதம் அது. அப்படிப்பட்ட பாதத்துக்குத் தட்டையான செங்குத்துப் பரப்பு சற்றும் ஒத்துவராது. அங்கே கையால் பிடிக்க ஒன்றும் இல்லாமையால் நகம் ஒன்றே துணையாகிறது. அரைக் கிலோ எடையை நுட்பமான கம்பிகளுக்கிடையே செருகிய நகங்களால் தாங்கிக்கொண்டு ஏறும் பிராணி, ஒரு காலை விடுவிக்கும்போது நகம் சிக்கிக்கொண்டால் இழுக்கும்; இழுத்தால் நகம் பிய்யும்; பிய்ந்த இடத்தில் சீழ் பிடிக்கும். வலையில் ஊர்ந்து போகும் வெட்டுக்கிளியைக் குறிபார்த்து நாக்கை வீசும்போது, அந்த நாக்கின் நுனி கம்பியில் மாட்டிக் காயப்படுவதும் உண்டு.

இத்தனை ஆபத்து இருக்கும்போது வலை எதற்கு, கண்ணாடிப் பெட்டி போதாதா என்ற கேள்வி இயற்கையாகவே எழும். மீன் தொட்டியை நிமிர்த்தி வைத்தாற்போன்ற கண்ணாடிப் பெட்டிகளில் இந்தப் பிராணிகளை வைத்துப் பார்த்த காலமும் இருந்தது. காற்று அசையாமல் தேங்கி, ஈரமும் வெப்பமும் சேர்ந்து புழுங்கினால், மரத்தின் உச்சியில் எப்போதும் காற்றோட்டத்திலேயே வாழ்ந்து பழகிய பிராணிக்குச் சுவாச நோய் வருவது எளிது. கண்ணாடியில் தெரியும் தன் பிரதிபிம்பத்தைப் பகைவன் என்று எண்ணி ஆண் பச்சோந்தி ஓயாமல் உடலை விரித்து, நிறம் மாறி, களைத்துப்போவது மற்றொரு துன்பம். ஆகையால் வளர்ப்போர் ஜன்னல் வலையை நாடினார்கள். அந்த வலைக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஜார்ஜ்டவுனில் சல்லடைக் கம்பித் துணி நெய்துவந்த கில்பர்ட் அண்டு பென்னெட் என்ற கம்பெனி, உள்நாட்டுப் போர் மூண்ட 1861-இல் தெற்கு மாநிலங்களின் வியாபாரம் அற்றுப்போய், விற்காமல் குவிந்த கம்பித் துணிக்குச் சாயம் பூசி, ஈ கொசு வராமல் ஜன்னலுக்கு அடிக்கலாம் என்று விற்கத் தொடங்கியது. மாவு சலிக்கப் பிறந்த வஸ்து ஜன்னலுக்குப் போய், அங்கிருந்து மடகாஸ்கர் பிராணிக்கு மதிலாக அமைந்ததை நினைத்தால் பொருள்களின் ஜாதகமும் விசித்திரமானதுதான்.

இனி வலையின் குணாகுணங்களைப் பார்க்கலாம். மலிவாகக் கிடைப்பது, நம் ஊர் ஜன்னல்களிலும் இன்று சாதாரணமாகக் காணப்படும் ஃபைபர்கிளாஸ் வலை. தொடுவதற்கு மென்மையாக இருக்கிறது என்பது அதன் ஒரே நற்குணம். தீனிக்காக விட்ட சிள்வண்டுகள் ஓர் இரவில் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும்; வளர்ந்த பச்சோந்தியின் நகம் சில மாதங்களில் அதைக் கிழித்துவிடும். சூடான விளக்கின் அடியில் அது வைக்கத் தகுந்ததே அன்று. சின்னஞ்சிறு குட்டிகளுக்குச் சில வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அலுமினிய வலை அதைவிடப் பலபடி மேல். அங்குலத்துக்கு ஒரு திசையில் 18 கம்பியும் மறு திசையில் 16 கம்பியுமாக நெய்யப்படுவது சாதாரண ரகம். கம்பியின் தடிமன் 0.011 அங்குலம். இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால், வலையின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 66 சதவீதம்தான் திறந்த இடைவெளி, மிகுதி மூன்றில் ஒரு பங்கு கம்பி என்று தெரியவரும். கூண்டின் கூரைக்கு மேல் வைக்கிற புறஊதா விளக்கின் கதிர்களில் மூன்றில் ஒரு பங்கு பிராணியை அடையாமலே போகிறது என்பதே அதன் அர்த்தம். சூரிய ஒளியில் உள்ள அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகி, தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லாவிடில் எலும்பு மெழுகு போல வளைந்து, தாடை தொய்ந்து, பச்சோந்தி மெல்ல மெல்ல அழியும். எனவே கூரைக்கு எந்த வலை என்பதை விளக்கையும் சேர்த்து வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். விளக்கின் பலத்தை மாத்திரம் பேசி, நடுவில் இருக்கும் வலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவர்கள் ஏராளம்.

பெரிய பிராணிக்கு நான் மிகவும் மதிப்பது வேறொரு வலை. அரை அங்குலச் சதுரக் கண்களாகப் பற்றவைத்த இரும்புக் கம்பி வலைக்கு மேலே, பிளாஸ்டிக்கைக் கனமாகப் பூசி, முனைகள் எல்லாம் மழுங்கி உருண்டையாகும்படி செய்த ரகம் அது. பூச்சில்லாத வெறுங் கம்பியாக இருந்தால் அதன் இடைவெளி 85 சதவீதம் வரும். பூச்சின் தடிமனால் சிறிது குறைந்தாலும், ஒளி விஷயத்தில் ஜன்னல் வலையைவிடத் தாராளமாகவே இருக்கும். நகம் அதன் கண்ணுக்குள் நுழைந்தாலும் சிக்குவதில்லை. பாதத்தின் இரு கற்றைகளும் கம்பியைச் சுற்றிப் பிடிக்கவும் இடம் கிடைக்கிறது. வெறும் துத்தநாகம் பூசிய கம்பியோ ஈரத்தில் நாளடைவில் வெள்ளைப் பொடி பூத்து, பிறகு துருவும் பிடிக்கும். வருஷம் முழுவதும் தண்ணீர் தெளிக்க வேண்டிய கூண்டுக்கு அது ஏற்றதல்ல. பூச்சிட்ட வலைக்கு ஒரு குறை இருக்கிறது: சிள்வண்டுகள் அதன் வழியே விருந்தாளிகளைப் போல வீடு முழுவதும் உலாவப் புறப்பட்டுவிடும். வழவழப்பான ஆழக் கிண்ணத்தில் தீனியை வைத்து ஊட்டப் பழகிவிட்டவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. கூண்டுக்குள் பூச்சிகளைக் கைநிறைய அள்ளிவிட்டு மறந்துபோகிற சோம்பேறிகளுக்கு மாத்திரமே இது சங்கடம். அவர்களுக்காக நான் வருந்தப்போவதில்லை.

வலையைவிடச் சட்டம் முக்கியம் என்று முதலிலேயே சொன்னேன். அதன் காரணத்தைக் கயிற்றுக் கட்டில் பின்னுகிறவர்கள் நன்றாக அறிவார்கள்: கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டுகிறோமோ அவ்வளவுக்குச் சட்டம் உள்நோக்கி வளையப் பார்க்கும், சட்டத்தில் கனம் இல்லாவிடில் இழுவையே கட்டிலைக் கெடுத்துவிடும். ஜன்னல் வலைக்கென்று மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சட்டங்களைக் கூண்டுக்கும் உபயோகித்துவிடுகிற தயாரிப்பாளர்கள் உண்டு. நான்கடி உயரத்தில் அந்தச் சட்டம் நடுவில் குழிந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு விழுந்துவிடுகிறது. அச்சிலிருந்து பிதுக்கி வார்த்த கனத்த அலுமினியச் சட்டத்தில் அப்படி நேர்வதில்லை. மூலைகளில் வெறும் பிளாஸ்டிக் முழங்கையைத் திணித்து நிறுத்தியிருக்கிறார்களா, அல்லது திருகாணியோ ரிவெட்டோ போட்டுப் பூட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான பரீட்சை உண்டு. காலிக் கூண்டின் மேல் மூலை ஒன்றில் கை வைத்து, எதிர் மூலையின் திசையில் மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். நான்கு கோல்களை மூலைகளில் பிணைத்துச் செய்த எந்தச் சதுரமும், மூலைப் பிணைப்பு தளர்ந்தால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும் இயல்புள்ளது. முக்கோணத்துக்கு அந்தப் பலவீனம் இல்லை. கூண்டுக்குக் குறுக்குக் கோல் போட்டு முக்கோணமாக்கினால் பார்வைக்கு விகாரமாக இருக்கும். அதைவிட உத்தமமான உபாயம், பின்பக்கத்தை வலையாக விடாமல் ஒரே பி.வி.சி. பலகையால் மூடிவிடுவது. சரிவைத் தடுப்பதில் அந்தப் பலகை ஆயிரம் குறுக்குக் கோல்களுக்குச் சமானம். பார்ஸன் பச்சோந்தி போன்ற கூச்சமுள்ள பிராணிக்கு முதுகுப்புறம் பாதுகாப்பாக இருக்கிறது என்ற தைரியமும் அதனால் கிடைக்கிறது. சுவரின் வர்ணப் பூச்சும் ஈரத்தில் உதிராமல் தப்பிக்கும்.

சட்டம் இவ்வளவு கனமாக இருக்க வேண்டியதற்குப் பச்சோந்தியின் எடை காரணமல்ல என்பது இதற்குள் விளங்கியிருக்கும். அதற்குக் காரணம், கூண்டுக்குள் வரப்போகிற காடு. பார்ஸன் ஏறி நடக்கக் கூடிய கிளை பெருவிரலைவிடத் தடித்ததாக இருக்க வேண்டும். அப்படிப் பல கிளைகள் வெவ்வேறு உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டும். இலைகளுக்காக வெள்ளால் என்று நாம் சொல்லுகிற ஃபைகஸ் பெஞ்சமினா, குடைபோல் இலை விரிக்கும் ஷெஃப்லெரா, மணிபிளாண்ட், செம்பருத்தி ஆகியவற்றைத் தொட்டியோடு வைப்பார்கள். தண்ணீர் குடித்த மண் நிறைந்த ஒரு தொட்டி 10 கிலோவுக்கு எளிதில் வந்துவிடும். அவற்றில் இரண்டு மூன்றைத் தரைப் பலகை தாங்க வேண்டும். ஈரக் கிளைகளின் பாரத்தையும் வலையின் மேல் சுமத்தக் கூடாது. வலையைத் துளைத்துக் கம்பி கட்டிக் கிளைகளைத் தொங்கவிட்ட கூண்டுகளை நான் பார்த்திருக்கிறேன்; ஆறு மாதத்தில் அந்த வலை தொய்ந்து முகம் சுருங்கிவிடுகிறது. தேர்ந்த கூண்டுகாரர்கள் இடுப்பு உயரத்திலும் தோள் உயரத்திலும் சட்டத்தோடு சட்டமாகத் துளையிட்ட பட்டைகளை உள்ளே பொருத்திவிடுவார்கள். கிளைகளும் கொடிகளும் சிறு தொட்டிகளும் அந்தப் பட்டைகளில் தொங்குமே தவிர, வலை அவற்றின் பாரத்தை அறியாது. ஒரு கூண்டைச் செய்தவன் பச்சோந்தியை அறிந்தவனா, பெட்டியை மாத்திரம் அறிந்தவனா என்பதை இந்தப் பட்டைகள் இருப்பதையும் இல்லாததையும் வைத்தே சொல்லிவிடலாம்.

அளவைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. ஜூ மெட் கம்பெனியின் ரெப்டிபிரீஸ் கூண்டுகளில் மிகப் பெரியது 24 அங்குல அகலம், 24 அங்குல ஆழம், 48 அங்குல உயரம். வளர்ந்த ஆண் பாந்தர் பச்சோந்திக்கும் ஏமன் பச்சோந்திக்கும் இதுதான் குறைந்தபட்சம் என்று ஒரு சம்பிரதாயமே ஏற்பட்டுவிட்டது. இரண்டடி நீளத்துக்கும் மேற்பட்ட பார்ஸனுக்கு இரண்டடி அகலம் போதாது என்பதற்கு வாதம் அவசியமில்லை; வாலை நீட்டித் திரும்பக்கூட இடமிராது. நான்கடி அகலமும் ஆறடி உயரமும் அதற்குத் தகும். உயரத்தையே பெரிதாக எண்ணி அகலத்தைக் கோட்டைவிடுவது சகஜமான பிழை. விளக்கின் கீழே ஒரு பக்கம் 29 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும், மறு பக்கம் இலைகளின் நிழலில் குளுமையும் இருந்தால்தான் பிராணி தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ள முடியும். அதற்குக் குறுக்குவாட்டில் தூரம் வேண்டும். பிறகு, கூண்டைத் தரையில் வைக்காமல் பீடத்தின் மேல் ஏற்றி, பிராணியின் விருப்பக் கிளை நம் கண்ணுக்குச் சற்று உயரே இருக்கும்படி செய்துவிட்டால், மேலிருந்து குனிந்து பார்க்கும் மனித முகத்தைப் பருந்தாக நினைத்து அது அஞ்சாது.

மேற்கூரையில் ஓர் அபாயம் உண்டு. குளிர்ந்த காலையில் வெயில் காயப் புறப்படும் பச்சோந்தி, கிளையில் போதிய வெப்பம் கிடைக்காவிட்டால் கூரை வலையில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு விளக்குக்கு நேர் கீழே போய்விடும். உயர்ந்த தலை முகடு முதலில் சுடும். சுடுவதைச் சட்டென்று உணர்ந்து விலகாத இயல்பினால் புண் ஆழமாகிவிடுகிறது. விளக்கை வலையின் மேலேயே வைக்காமல் சிறிது உயரத்தில் தொங்கவிடுவதும், உச்சிக் கிளையைக் கூரையிலிருந்து ஒரு சாண் தாழ்த்திக் கட்டுவதும் இதற்குப் பரிகாரம்.

பச்சோந்தி கிண்ணத்து நீரைக் குடிக்காது என்றே பொதுவாகச் சொல்லலாம். இலையில் தங்கி மின்னும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே காலையிலும் இரவிலும் நுண் துளிகளாக நீர் தெளிக்கும் கருவி ஒவ்வொரு நல்ல கூண்டிலும் இருக்கிறது. தெளித்த நீர் எங்கே போகிறது என்பதை யோசிக்காமல் செய்யப்பட்ட கூண்டுகளே அதிகம் என்பது வியப்பு. தரைப் பலகை நடுவை நோக்கி இலேசாகச் சரிந்து, ஒரு துளை வழியாகக் கீழே உள்ள தட்டில் வடிய வேண்டும். அந்தத் தட்டை வெளியே இழுக்கும்போது பிராணியைத் தொந்தரவு செய்யாதபடி அடியில் தனிக் கதவு வேண்டும். உப்பு மிகுந்த தண்ணீராக இருந்தால் வலையிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகள் படியும். காடியில் நனைத்த துணியால் துடைத்தால் போகும். மரச்சட்டக் கூண்டுகள் பார்வைக்கு எவ்வளவோ அழகு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் நனைந்து உலரும் மரம் ஊதியும் சுருங்கியும் கதவை இறுகச் செய்துவிடும், பொருத்துகளில் பூஞ்சணம் பிடித்துவிடும். வறண்ட தெற்குக் கலிஃபோர்னியாவின் கொல்லைப்புறங்களில் மரம் தாக்குப்பிடிக்கலாம். வீட்டுக்குள் அலுமினியமே பத்திரம்.

வலையே சர்வமும் என்று பிடிவாதம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குளிர்காலத்தில் கணப்பு ஓடும் வட அமெரிக்க வீட்டின் காற்று பாலைவனம் போல வறண்டிருக்கும். நாற்புறமும் வலையான கூண்டில் தெளித்த ஈரம் அரை மணி நேரத்தில் மாயமாகிவிடும். மழைக்காட்டுப் பிராணியை அந்த வறட்சியில் வைத்துவிட்டு, காற்றோட்டம் என்ற ஒரே மந்திரத்தை ஜபித்துக்கொண்டிருப்பது பேதைமை. பின்புறமும் இரு பக்கங்களும் பலகையாக, முன்புறமும் கூரையும் வலையாக அமைந்த கூண்டில் ஈரம் நிற்கும். விளக்கின் சூட்டால் மேலெழும் காற்று கூரை வழியே போக, கீழே முன்புறத்து வலை வழியே புதுக் காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். ஃபிளாரிடாவின் கோடையில் அதே கூண்டு புழுங்கும். அங்கே நாற்புற வலைதான் சரி. எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்தக் காட்டிலிருந்து வந்த பிராணிக்கு என்று கேளாமல் கூண்டின் பெயரைச் சொல்லிச் சிபாரிசு செய்கிறவரின் வார்த்தையை நான் ஒதுக்கிவிடுவேன்.

ஃபிளாரிடா என்றதும் அங்கே நீச்சல் குளத்தையும் கொல்லையையும் ஒருசேர வலைப் பந்தலுக்குள் அடைத்துவிடும் வழக்கம் நினைவுக்கு வருகிறது. உள்ளே கூண்டு, வெளியே பந்தல் என்று இரட்டைக் காவலில் வெயில் காயும் பச்சோந்திகள் பாக்கியசாலிகள். எந்த விளக்கும் அந்தச் சூரியனுக்கு ஈடாகாது. திறந்த வெளியிலே வைக்கும் கூண்டுக்கோ நியாயம் வேறு: ராக்கூன் என்ற கைதேர்ந்த இரவுத் திருடன் ஜன்னல் வலையைக் கையால் பிய்த்துவிடும், தாழ்ப்பாளைத் திறக்கவும் அறியும். அங்கே பற்றவைத்த கம்பி வலையும், கொக்கியோடு கூடிய இரட்டைத் தாழ்ப்பாளும் இன்றியமையாதவை. தாழ்ப்பாளின் அவசியத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஹவாய் தீவுகளில் 1972-இல் விடுபட்ட ஜாக்ஸன் பச்சோந்திகள் ஓவாஹுவில் பெருகின. மாவி தீவின் காட்டில் ஏமன் பச்சோந்திகள் குடியேறிவிட்டதை 2002-இல் கண்டார்கள். அந்தத் தீவுகளுக்கே உரிய பூச்சிகளும் சிறு பறவைகளும் அவற்றுக்கு இரையாகக் கூடும். நம் நாட்டுப் பச்சோந்தியோ 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம், முருங்கைக் கிளையில் இருக்கும்போதே பார்த்து மகிழ வேண்டியதுதான்.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் அலுமினிய வலை, விளக்கின் ஒளியைத் திருப்பி நம் கண்ணிலேயே வீசுவதால், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். கறுப்புப் பூச்சிட்ட வலை ஒளியை விழுங்கிவிடுகிறது. இரண்டடி தள்ளி நின்றால் வலை இருப்பதே தெரியாமல், பச்சை இலையும் அதன் நடுவே நீலம் கலந்த உடலும் மாத்திரம் கண்ணில் நிற்கும். சட்டமும் கறுப்பாகவே இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். வெள்ளைச் சட்டம் போட்ட கூண்டுகளைச் சிலர் அறைக்கலன்களுக்கு ஒத்துப்போகிறது என்று வாங்குகிறார்கள்; அது அறையின் அழகு, கூண்டின் அழகல்ல. வர்ணத்துக்குப் பெயர்போன ஒரு பிராணியை வைக்கும் இடத்தில் வேறு எந்த வர்ணமும் போட்டியிடக் கூடாது.

இத்தனையும் பொருந்திய கூண்டு அமைந்த பிறகும், பிராணி வலையைத் தேடிப் போனால், அப்போதுதான் ரசிகரின் சோதனை தொடங்குகிறது. விளக்கு மிகச் சூடாக இருக்கலாம். இலை மறைவு போதாமல் இருக்கலாம். எதிர்ச்சுவர்க் கூண்டில் மற்றொரு ஆண் கண்ணில் படலாம். பெண்ணாக இருந்தால் முட்டையிட மண் தேடி அலையலாம். தண்ணீருக்கோ துணைக்கோ தவிக்கலாம். கிளை வழுவழுப்பாக இருந்து கால் வழுக்குவதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றி வைத்துவிட்டு, எட்ட உட்கார்ந்து கவனித்து, அது மீண்டும் கிளைக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். செடிகள் வேரூன்றித் தழைப்பதற்காகக் கூண்டைச் சில மாதம் காலியாகவே வைத்து, தினமும் நீர் தெளித்து, ஈரமும் வெப்பமும் எங்கெங்கே எப்படி நிற்கின்றன என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகே பிராணியைக் கொண்டுவருகிற சிலரை நான் அறிவேன். அந்த வீடுகளில் வலை பல வருஷம் புதிதுபோலவே இருக்கிறது.

கையில் உள்ள பணம் குறைவாக இருந்தால் எதில் செலவழிப்பது என்று கேட்கிறவர்களுக்குச் சட்டத்தையும் தரைப் பலகையையும் உள்ளே தாங்கும் பட்டைகளையும் முதலில் வாங்குங்கள் என்றே சொல்வேன். வலை எப்படியும் சில வருஷங்களில் ஓர் இடத்தில் கிழியத்தான் போகிறது. அப்போது சட்டத்தின் காடியில் அழுத்தியிருக்கும் ரப்பர் பீடிங்கை ஒரு முனையில் நெம்பி உருவி, பழைய வலையை எடுத்துவிட்டு, புது வலையைச் சற்றே மிகுதியாக வெட்டி விரித்து, சிறு சக்கர உருளையால் பீடிங்கை மீண்டும் காடிக்குள் அழுத்திக்கொண்டே போய், ஓரத்தில் மிஞ்சியதைக் கத்தியால் சீவிவிட்டால் ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும். அதுவரை பிராணியை ஜன்னலோரத்து வெள்ளால் மரத்தில் ஏற்றிவிட்டால், அது தன் ஒரு கண்ணால் நம்மையும் மறு கண்ணால் தெருவையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கும்.